பாட்டு உள்ளே, பாடுகிறவன் வெளியே: சபைகளும் வடசென்னைச் ‘செட்டு’களும்

டிசம்பர் பிறந்துவிட்டால் காசிமேடு, ராயபுரம், வியாசர்பாடிப் பக்கம் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக்கொண்டு கேரல் ரவுண்ட்ஸ் போகும் வாலிபர்கள் கையில் டோலக் ஏறிவிடும். இயேசு பிறந்த சேதியைக் கானா மெட்டில் எடுத்துவிடுவார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷக்காரர் அதற்கு ஒரு குத்து போடுவார். வீட்டுப் பெரியவர்கள் சிரித்துக்கொண்டே கேக்கை நீட்டி, கவரில் காணிக்கையும் போட்டு அனுப்புவார்கள். சரி, அந்த மெட்டுக்குச் சொந்தக்காரனான கானா செட்டுப் பையன் ஒருவன், பாதித் தலைக்குச் செம்பட்டைக் கலரும் காதில் ஒற்றைக் கடுக்கனுமாக அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு வந்து நின்றால்? கடைசி பெஞ்சு கிடைக்கும். அதுவும் வாசலில் நிற்கிறவர் அவனைத் தலையிலிருந்து கால் வரை ஒரு முறை பார்த்து முடித்த பிறகு.

மாற்றுப் பண்பாட்டுக் குழுக்களோடு சபைகள் உறவு வைத்துக்கொள்வது பற்றி உலகத்தின் பல மூலைகளில் அறுபது வருஷமாகப் பேச்சு நடக்கிறது. பெயரைக் கேட்டால் இறையியல் கல்லூரிப் பாடம் மாதிரி இருக்கும். உள்ளே இருப்பது அந்தக் கடைசி பெஞ்சு விவகாரம்தான். இதை முதல் முறையாகக் கேள்விப்படுகிறவர்களுக்காக, சபைப் பக்கமே போகாதவர்களுக்கும் புரிகிற மாதிரி, கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

செட்டு என்றால் யார்?

ஊருக்குள்ளேயே இருந்துகொண்டு, தனக்கென்று ஓர் இசை, ஒரு முடிவெட்டு, ஒரு பேச்சு, கூடுவதற்கு ஓர் இடம், எது கெத்து எது அசிங்கம் என்று ஒரு கணக்கு, இவையெல்லாம் வைத்திருக்கும் கூட்டத்தைச் சமூகவியலில் துணைப்பண்பாடு என்பார்கள். வெளிநாட்டில் ஹிப்பி, பங்க், மெட்டல், கோத் என்று ஒரு வரிசை உண்டு. நம் பக்கம் செட்டு என்று சொல்லிவிட்டுப் போகிறோம்.

கானா செட்டு எல்லோருக்கும் தெரியும். கானா வளர்ந்த இடங்களில் முக்கியமானது சாவு வீடு. இறந்தவர் பெயர், பிள்ளைகள் பெயர், ஹார்பரில் அவர் என்ன வேலை பார்த்தார், யாரோடு முறைத்துக்கொண்டு அப்புறம் யாரோடு ராசியானார், எல்லாம் அன்று ராத்திரியே பாட்டாகிவிடும். எழுதிவைத்துப் பாடுகிறவர்கள் உண்டு. அங்கேயே கட்டிப் பாடுகிறவர்களுக்குத்தான் மதிப்பு அதிகம். பெரும்பாலும் ஆண்கள் பாடிவந்த இந்தப் பாட்டைத் தனதாக்கிக்கொண்ட ராயபுரத்து இசைவாணி, 2020ல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

புறா செட்டு வேறு ரகம். ஹோமர் புறா வளர்த்துப் பந்தயத்துக்கு விடுகிறவர்கள் இவர்கள். பந்தய நாளில் மாடியில் ஏறி வானத்தைப் பார்த்து உட்கார்ந்தால், புறா கூட்டுக்குத் திரும்பும் வரை சொந்தத் தங்கச்சி நிச்சயதார்த்தத்துக்குக் கூப்பிட்டாலும் இறங்கமாட்டார்கள். ஆராதனை எம்மாத்திரம்! கேரம் செட்டு, பாக்ஸிங் செட்டு, ராப் பாடுகிற சின்னப் பையன்கள், சைலென்சரை மாற்றிக்கொண்டு சுற்றும் பைக் செட்டு என்று இன்னும் பல உண்டு. சில வருஷங்களுக்கு முன் இணையத்தில் பரவிய ‘புள்ளிங்கோ’ என்கிற பட்டப்பெயர் இவர்களில் பாதிப் பேர் தலையில் விழுந்தது. சிலர் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள், சிலருக்குக் கேட்டாலே கோபம் வருகிறது.

வெளிநாட்டுக் கதையை அப்படியே இங்கே பொருத்திப் பார்க்க முடியாது. லண்டன் பங்க் பையன்களில் பலர் தலைச் சாயத்தைக் கழுவிவிட்டு மறுநாள் ஆபீஸ் வேலைக்குப் போய்விடலாம். கொருக்குப்பேட்டைப் பையன் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டாலும் அவன் முகவரி அவனோடு வரும். ராத்திரி வாகனச் சோதனையில் யாரை முதலில் ஓரங்கட்டுகிறார்கள் என்பது வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். பள்ளிப் பையன்களுக்கு அந்த மாதிரி கட்டிங் வெட்டாதீர்கள் என்று சலூன்காரர்களிடமே போய்ச் சொன்னவர்களும் தமிழ்நாட்டில் உண்டு. ஆக, இங்கே ஸ்டைல் என்று பேச ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்தில் வர்க்கத்திலும் சாதியிலும் போய் முட்டும். அதைத் தொடாமல் செட்டுகளுக்கு ஊழியம் செய்கிறேன் என்பவரை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

பாதிரியாரும் பைக்கும்

வெளிநாட்டு உதாரணங்களில் எனக்கு மிகவும் பிடித்தது லண்டன் கதை. 1959ல் கிழக்கு லண்டனில் ஹாக்னி விக் என்ற ஏழைப் பகுதியில் ஓர் ஆங்கிலிக்கன் சபை இளைஞர் கிளப் ஒன்றைத் தொடங்கியது. ஆரம்பித்த வருஷத்தை வைத்து ஃபிஃப்டி நைன் கிளப் என்று பெயர். அந்தக் காலத்தில் தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு வேகமாக பைக் ஓட்டுகிற ‘ராக்கர்’ பையன்கள் என்றாலே ஊருக்குப் பயம். செய்தித்தாள்கள் அவர்களை ரவுடிகள் என்றே எழுதின. பில் ஷெர்கோல்ட் என்ற பாதிரியார் தானும் பைக் ஓட்டுகிறவர். 1962ல் அவர்கள் கூடுகிற ஏஸ் கஃபே என்ற டீக்கடைக்கே போய், சர்ச்சுக்கு வாருங்கள் என்று அழைப்பு கொடுத்தார். முதல் தடவை போனபோது பயத்தில் வண்டியை நிறுத்தாமலே தாண்டிப் போய்விட்டதாக அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அடுத்த தடவை நிறுத்தினார். வந்தவர்கள் பைக்கோடு வந்தார்கள், பைக்கைக் கோயிலுக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்தி ஆசீர்வாத ஜெபம் நடந்தது.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் முக்கியம். அவர்களுக்கு வாரத்தில் சில நாள் காபியும் பாட்டுப் பெட்டியும் டேபிள் டென்னிஸும் வண்டியை ரிப்பேர் பார்த்துக்கொள்ள இடமும் கிடைத்தது. 1964ல் இங்கிலாந்தின் கடற்கரை ஊர்களில் ராக்கர்களும் மாட்ஸ் என்ற இன்னொரு செட்டும் மோதிக்கொண்டு நாடே அலறியபோதும் கிளப் கதவைச் சாத்தவில்லை. இன்றும் அது இருக்கிறது.

கலிஃபோர்னியாவில் இதே மாதிரி இன்னொன்று. 1960களின் கடைசியில் கோஸ்டா மேசா என்ற ஊரில் கால்வரி சேப்பல் சபைக்கு ஹிப்பிகள் வர ஆரம்பித்தார்கள். நீள முடி, வெறுங்கால். புதுக் கார்ப்பெட் அழுக்காகிவிடும் என்று சபையில் சிலருக்குக் கவலை. செருப்பில்லாமல் வரக்கூடாது என்று பலகையே வைத்துவிட்டார்கள். போதகர் சக் ஸ்மித் அதை எடுத்துவிட்டார். (நம் ஊரில் பாதிச் சபைகளில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வா என்கிறோம், அங்கே செருப்பில்லாத காலே பிரச்சினை!) அந்த ஹிப்பிகள் கிதாரும் டிரம்ஸும் வைத்துக் கட்டிய பாட்டுகளிலிருந்துதான் இன்றைய ‘வொர்ஷிப்’ இசையின் பெரும்பகுதி கிளைத்தது. இன்று பெரம்பூரிலும் திருவொற்றியூரிலும் கீபோர்டு, ரிதம் பேட் வைத்து நடக்கும் ஆராதனையில் கண்ணை மூடிக் கையை உயர்த்துகிற பெரியவர்கள், அந்த இசைக்கு வேர் தலைமுடி வெட்டாத பையன்களிடம் இருக்கிறது என்பதை யோசித்துப் பார்த்ததில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஹெல்சிங்கியில் 2006ல் லுத்தரன் பாமாலைகளை மெட்டல் இசையில் பாடும் ஆராதனை தொடங்கிப் பிற ஊர்களுக்கும் பரவியது. கேம்பிரிட்ஜில் கறுப்பு உடை கோத் இளைஞர்களுக்கென்று நற்கருணை ஆராதனை, அதாவது அப்பமும் திராட்சை ரசமும் பகிர்ந்துகொள்ளும் ஆராதனை, நடந்திருக்கிறது. பிரேசிலில் அலைச்சறுக்கு விளையாடுகிறவர்களிடையே வளர்ந்த ஒரு சபையில் சறுக்குப் பலகைதான் பிரசங்க மேடை.

இந்தக் கடைசி வகையைப் பார்த்து நம் ஆட்கள் உடனே காப்பியடிக்கக் கூடும், மீன்பிடிப் படகை ஆல்டராக்குவோம், அதாவது பலிபீடமாக்குவோம் என்று. செய்யலாம், தப்பில்லை. ஆனால் லண்டன் கதையில் வேலை செய்தது அலங்காரம் இல்லை. அவர்கள் இடத்துக்கு ஒருவர் போனார், அப்புறம் சபை தன் இடத்தில் ஒரு பகுதியை அவர்கள் கையில் விட்டது.

லேவியராகமத்தை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள்

இந்தப் பேச்சை எடுத்தால் முதலில் வரும் வசனம் பைபிளின் பழைய ஏற்பாட்டிலுள்ள லேவியராகமம் 19:28. பச்சை குத்திக்கொள்ளக் கூடாது என்று அங்கே இருப்பது உண்மை. செத்தவனுக்காக உடம்பைக் கீறிக்கொள்ளாதே என்பதோடு சேர்ந்துதான் அது வருகிறது. அன்றைய துக்கச் சடங்குகளை மனதில் வைத்துச் சொன்னது என்று விளக்கம் தருகிற வேத அறிஞர்கள் பலர். அதற்கு முந்தைய வசனம் தாடி ஓரத்தை வெட்டாதே என்கிறது. அதே அதிகாரம் இரண்டு வகை நூல் கலந்த துணியை உடுத்தாதே என்றும் சொல்கிறது. டெரிகாட்டன் சட்டை போட்டுக்கொண்டு, மழமழவென்று ஷேவ் செய்துகொண்டு, டாட்டூ போட்ட பையனுக்கு இந்த அதிகாரத்தைக் காட்டுவது கொஞ்சம் சங்கடமான காரியம். எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாக மணிக்கட்டில் சிலுவையைப் பச்சை குத்திக்கொள்கிறார்கள். அது அவர்களுக்கு விசுவாச அடையாளம்.

இதற்காக டாட்டூவை எதிர்க்கிற எல்லோரையும் வேஷக்காரர் என்று சொல்லிவிடவும் முடியாது. பல பெந்தெகொஸ்தே சபைகளில் யாருக்குமே நகை கிடையாது, மணப்பெண்ணுக்கும் கிடையாது. அங்கே ஒரு பையனைக் கடுக்கனைக் கழற்றச் சொன்னால் அது எல்லோருக்குமான விதி. எனக்கு உறுத்துவது வேறு இடம். முன்வரிசையில் ஏழெட்டுப் பவுன் சங்கிலி பளபளக்க உட்கார்ந்திருக்கும்போது பின்வரிசைப் பையனின் கவரிங் கடுக்கன் மட்டும் ‘உலகப்பிரகாரமானது’ ஆகிவிடுகிற சபை. புதிய ஏற்பாட்டிலுள்ள கடிதமான யாக்கோபு நிருபம் இரண்டாம் அதிகாரத்தில், பொன் மோதிரக்காரனுக்கு நல்ல இடம், கந்தைத் துணிக்காரனுக்கு நின்றுகொள் என்ற பதில், இப்படி நடந்த சபையை யாக்கோபு பிடித்து உலுக்குகிறார். அதை எந்த வாசலிலும் பலகையாக எழுதி வைத்து நான் பார்த்ததில்லை.

செட்டுக்குள் இருக்கிறதெல்லாம் நல்லது என்று பூசி மெழுகவும் வேண்டாம். பட்டாக்கத்தியால் பிறந்தநாள் கேக் வெட்டுவது, கஞ்சா, பெண்களைக் கேவலப்படுத்தும் கானா வரிகள், பீச் ரோட்டில் வீலிங் செய்து வழிப்போக்கரின் காலை உடைப்பது, இவற்றைச் சபை எதிர்க்கத்தான் வேண்டும். அந்தச் செட்டு வீட்டு அம்மாக்களே எதிர்க்கிறார்கள். கத்தியையும் கலரிங்கையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘எல்லாத்தையும் விட்டுட்டு வா’ என்று சொல்லும்போதுதான் சிக்கல். எதை விடச் சொல்கிறோம், ஏன் சொல்கிறோம் என்று பையனுக்கும் புரிவதில்லை, சொல்கிறவருக்கும் தெளிவில்லை.

‘முன்னாள்’களுக்கு மட்டும் மைக்

நம் சபைகளில் செட்டுப் பையனுக்கு மேடை கிடைக்கிற ஒரே வழி சாட்சி. சாட்சி என்றால், தன் வாழ்க்கையில் கடவுள் செய்ததைச் சபை முன் எழுந்து சொல்வது. ‘நான் ஒரு காலத்தில் ரவுடியாக இருந்தேன், குடித்தேன், கானா பாடித் திரிந்தேன், ஆண்டவர் என்னைத் தொட்டார்.’ உபவாசக் கூட்டம், கன்வென்ஷன் எல்லாவற்றிலும் இதற்கு நல்ல கிராக்கி. எவ்வளவு இருட்டிலிருந்து வந்தாரோ அவ்வளவு ஸ்தோத்திரம்.

உண்மையில் வாழ்க்கை மாறியவர்கள் பலர் இருக்கிறார்கள், அதைக் கேலி செய்யவில்லை. ஆனால் இந்த வரிசையைக் கவனியுங்கள். குடியும் அடிதடியும் வருகிற பட்டியலில் கானாவும் சேர்ந்துகொள்கிறது. யாரையும் வெட்டாத, குடிக்காத, சும்மா நன்றாகப் பாடுகிற ஒரு பையனுக்குச் சொல்ல சாட்சி இல்லை, ஆகவே மைக்கும் இல்லை. அவன் ‘முன்னாள்’ ஆனால்தான் சபைக்கு அவன் வேண்டும். பாட்டை விட்டுவிட்டேன் என்று அவன் அழுது சொன்ன மறு மாதம், அதே மெட்டில் கேரல் பாட்டு வேண்டுமென்று வாலிபர் சங்கச் செயலாளர் அவனிடமே வந்து நிற்பார்.

இது வடசென்னையில் புதிதாக முளைத்த பழக்கம் இல்லை. தமிழ்க் கிறிஸ்தவம் வெளி வடிவங்களை வாரி எடுத்துக்கொண்ட மதம். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் இருநூறு வருஷங்களுக்கு முன்பே குறவஞ்சி, நொண்டி நாடகம் போன்ற வடிவங்களில் கிறிஸ்தவப் பாட்டுகள் எழுதினார். குறத்தி பாட்டில் வந்தாள். குறவர்கள் எத்தனை பேர் பெஞ்சுக்கு வந்தார்கள்? பறைக்கும் இதே கதை. கிறிஸ்தவர்களானவர்களில் பறை அடித்தவர்கள் ஏராளம், ஆனால் ஆலயத்துக்குள் ஆர்கனுக்கு இருந்த இடம் பறைக்கு வெகுகாலம் இல்லை. சாவு மேளம், தீட்டு, கௌரவக் குறைச்சல் என்று காரணம் அடுக்கினார்கள்.

அதை உடைக்க நினைத்தவர்களில் ஒருவர் மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த தியாபிலஸ் அப்பாவு. ‘பறட்டை’ என்றால் இன்னும் பலருக்குத் தெரியும். 2005ல் காலமானார். நாட்டுப்புற மெட்டு, பேச்சுத்தமிழ், பறை இவற்றைக் கொண்டே முழு வழிபாட்டு முறையை அமைத்தார். மெட்டோடு அவர் நிற்கவில்லை. ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து சாப்பிடுவதை நற்கருணையோடு சேர்த்துப் பேசினார். பாட்டை வாங்கிக்கொண்டு பாடுகிறவரோடு சாப்பிட மறுப்பது என்ன விசுவாசம் என்ற கேள்வி அதற்குள் இருந்தது. கானாவுக்கு இன்றைக்கு அந்த வேலையைச் செய்ய ஆள் தேவை.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் அவர்கள் இடத்துக்குப் போவது. வடசென்னையில் அது பெரும்பாலும் சாவு வீடுதான். தெருவை அடைத்துப் பந்தல், ஃப்ரீஸர் பெட்டி, வாடகை நாற்காலி, ஓரமாக ஜெனரேட்டர். இறந்தவர் கிறிஸ்தவர் என்றால் எட்டு மணிக்குப் போதகர் வந்து ஜெபித்து, ஒரு பாமாலை பாடி, ‘காலையில் அடக்க ஆராதனையில் பார்க்கலாம்’ என்று கிளம்புவார். அவர் வண்டி தெருமுனை திரும்பிய பிறகுதான் கானா பார்ட்டி மைக்கைத் தட்டிப் பார்க்கும். எனக்குத் தெரிந்த ஒரு போதகர் மட்டும் ஒருநாள் கிளம்பாமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பாட்டுக்காரருக்குக் கொஞ்சம் தடுமாற்றம். அப்புறம் இரண்டாவது பாட்டிலேயே ‘ஐயரும் வந்தாரு, நம்மகூட குந்தினாரு’ என்று அவரையும் சேர்த்துக்கொண்டார். (சபைகளில் போதகரை ஐயர் என்றும் கூப்பிடுவார்கள்.) கூட்டம் விசில் அடித்தது. ‘ஐயர் கானா கச்சேரியில் உட்கார்ந்திருந்தார்’ என்று கமிட்டிக்குப் புகார் போனது தனிக் கதை. ஆனால் அந்தத் தெருப் பையன்கள் அவரைப் பார்த்தால் வண்டியை ஸ்லோ பண்ணி வணக்கம் வைக்கிறார்கள்.

நேரத்தையும் யோசிக்க வேண்டும். சனி ராத்திரி விடிய விடியப் பாடியவனோ, விடியலில் காசிமேட்டு ஏலத்தில் கூடை தூக்குகிறவனோ ஞாயிறு காலை ஏழரை மணி ஆராதனைக்கு எழுந்து வர முடியாது. வராததை ஆவிக்குரிய குறை என்று எழுதிவைப்பதற்குப் பதில், சாயங்காலம் ஒரு கூடுகை வைத்தால் தீர்ந்தது. சபை ஹாலை வாரத்தில் ஒருநாள் கேரம் போர்டுக்கோ பாட்டுப் பயிற்சிக்கோ விடலாம். அங்கே வருகிறவர்களில் இந்துப் பையன்களும் முஸ்லிம் பையன்களும் இருப்பார்கள். கேரம் ஆட வந்தவனை ஐந்தாவது நிமிஷத்தில் முழங்காலில் நிறுத்தினால் மறுவாரம் போர்டு மட்டும்தான் இருக்கும். ஹாலைத் தூண்டில் ஆக்காதீர்கள், அவ்வளவுதான். யாராவது தானாகக் கேட்டால் பேசுங்கள்.

ராயபுரத்து இராயப்பர் கோயிலை, அதாவது செயின்ட் பீட்டர்ஸ் சர்ச்சைக் கட்டியவர்கள் படகுக்காரர்கள். துறைமுகம் வருவதற்கு முன், அலைக்கு நடுவே கப்பலுக்கும் கரைக்கும் மசூலா படகு தள்ளியவர்கள். அவர்களுடைய முரட்டுத்தனத்தைப் பற்றி வெள்ளைக்காரப் பயணிகள் எழுதிவைத்த புகார்கள் ஏராளம். அந்தக் காலத்தில் அவர்களும் ஒரு செட்டு என்றுதான் சொல்ல வேண்டும். கோயில் அவர்களுடையதாக இருந்ததால் யாரும் அவர்களைக் கடைசி பெஞ்சில் உட்காரச் சொல்ல முடியவில்லை.

உரிமை என்று வந்தால் காகிதமும் வேண்டும். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) போன்ற சபைகளில், சபையை நிர்வகிக்கும் கமிட்டிக்கான தேர்தலில் ஓட்டுப் போட, திடப்படுத்தல் (ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்தும் சடங்கு) பெற்று நற்கருணையில் பங்கு பெறுகிறவராக இருக்க வேண்டும், சந்தா பாக்கி இருக்கக் கூடாது. பாரம்பரியக் குடும்பப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் அப்பா அம்மாவே பார்த்துக்கொள்வார்கள். வாலிப வயதில் தானாக வந்து சேர்ந்த பையனுக்குச் சந்தா யாரிடம் கட்டுவது, திடப்படுத்தல் வகுப்பு எப்போது என்று சொல்ல ஆள் கிடையாது. மூன்று வருஷம் டோலக் அடித்தவன் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்காது. அடுத்த தேர்தலுக்குப் பட்டியல் ஒட்டும்போது, கேரல் ரவுண்ட்ஸில் பாடியவர்களில் எத்தனை பேர் அதில் இருக்கிறார்கள் என்று உங்கள் சபையில் ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். இல்லாதவர்களை விசாரித்துச் சந்தா ரசீது போட்டுக் கொடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.